எத்தனை லிட்டர் இறங்கும்?

சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் புற்றுமண் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை. தண்ணீரில் குழைத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்; ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால் அவற்றின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அதனால்தான் சிவகிரியில் எங்கள் வீட்டுப் பட்டாசல் சுவரில், விளக்கு மாடத்துக்குக் கீழே, பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியபோது அம்மா அதன்மேல் துடைப்பம் படவிடவில்லை.

"புத்து மண்ணுல்லா. சாமி காரியம்யா, கை வைக்காத" என்றாள்.

2021 மழைக்காலம் அது. ஐப்பசியும் கார்த்திகையும் விடாமல் ஊற்றி, மேற்கே மலையே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நாட்கள். சாமி காரியமோ என்னவோ, அந்த மண்கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பின்வாசல் நிலையின் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே கதவு இழுத்துச் சாத்தினால்தான் சேர்ந்தது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று எல்லாரும் விட்டிருந்தோம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய் நிலைக்காலின் அடியில் லேசாக அழுத்தினேன். எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே அப்பா காலத்துப் பச்சை எனாமல் பெயிண்ட், அதற்குள் காகிதத் தடிமனில் ஒரு தோல், அதற்கும் உள்ளே மரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஈர மண். நெம்பியதும் பெயர்ந்து விழுந்தது. பழுப்புத் தலையோடு கொஞ்சம் சிப்பாய்க் கரையான்கள் முன்னால் வந்து நின்றன. மற்றவை வெளிச்சம் பட்டதும் மண்ணுக்குள் ஓடின. ஆள் உயரத்துக்கு அந்த நிலைக்கால் பெயிண்டை நம்பியே நின்றுகொண்டிருந்தது.

வீடு 1978-இல் அப்பா கட்டியது. தாத்தாவின் மனையை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதியில் நாங்கள், கிழக்குப் பாதியில் சித்தப்பா. நடுச்சுவர் பொது. தலைவாசல் நிலைக்கு மட்டும் செங்கோட்டை மரக்கடையில் வேங்கை வாங்கினார் அப்பா. காசு அங்கேயே தீர்ந்துபோக, பின்வாசலுக்கும் சன்னல்களுக்கும் கிடைத்த நாட்டுமரம். வேங்கை இன்றைக்கும் ஆணி இறங்காமல் நிற்கிறது. செல்லுக்கு (கரையானுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்று நன்றாகவே தெரியும்.

அப்பாவின் கணக்கு நோட்டு இரும்புப் பீரோவில் இருந்ததால் தப்பியது. அதில் செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலிக்கு நடுவே 'செல்லு மருந்து – ரூ.85' என்று ஒரு வரி. அந்தக் காலத்தில் அஸ்திவாரத்தில் ஊற்றியது ஆல்ட்ரின். வீட்டு மூலைகளில் தூவியது பிஎச்சி பவுடர்; கேமாக்சின் என்றால்தான் ஊரில் தெரியும். இரண்டும் மலிவு, இரண்டும் கடும் விஷம். மண்ணுக்குள் போன ஆல்ட்ரின் டீல்ட்ரினாக மாறிப் பல வருடங்கள் அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டைச் செல்லு நாற்பது வருடம் எட்டிப் பார்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நாட்டில் ஆல்ட்ரினை 1996-இலும் பிஎச்சியை 1997-இலும் தடை செய்தார்கள். 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகம் முழுக்க ஒழிக்க வேண்டிய நச்சுகள் என்று முதலில் குறித்த பன்னிரண்டில் ஆல்ட்ரினும் ஒன்று. பின்கட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீரைத்தான் அத்தனை வருடமும் குடித்தோம். அந்த 85 ரூபாயை மலிவு என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

ஆச்சிக்கு இதெல்லாம் கிடையாது. அவளுக்குத் தெரிந்தது மண்ணெண்ணெயும் வேப்பெண்ணெயும்தான். கரையான் ஏறிய இடத்தைச் சுரண்டிவிட்டு ஊற்றுவாள், கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். இப்போது பைக் மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கித் தடவுகிறார்கள். கண்ணில் பட்டவை சாகும், நாற்றம் வீட்டில் தங்கும், மண்ணுக்கடியில் ராணி முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் போடக்கூடியவள் அவள். வந்து போகிறவற்றை அடித்துக்கொண்டிருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஆச்சிக்குக் கரையான்மேல் முழுக்கக் கோபமும் கிடையாது. முதல் மழை பெய்து புழுங்கும் ராத்திரியில் ஈசல் கிளம்பினால், முற்றத்தில் அரிக்கேன் விளக்கை வைத்து, அதனடியில் அகலமான வட்டியில் தண்ணீர் வைப்பாள். காலையில் சிறகை ஊதித் தள்ளி, வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் வறுத்து, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து எங்கள் கையில் கொடுப்பாள். நெய் மணம் வரும். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு 1768-இல் வந்த மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் இதைப்பற்றி எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்து ஆச்சரியப்பட்டேன். லின்னேயஸின் மாணவரான அவர் 1779-இல் பெர்லினில் வெளியிட்ட கரையான் கட்டுரைதான் இந்தப் பூச்சியைப் பற்றிய முதல் விஞ்ஞான எழுத்துகளில் ஒன்று. புற்றில் காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் துளையிட்டு, ஒரு பக்கம் புகைபோட்டு மறுபக்கம் பானை வைத்து இங்குள்ளவர்கள் ஈசல் பிடிப்பதையும், அதை மாவோடு சேர்த்துத் தின்பதையும் அவர் சொல்கிறார். வெள்ளெறும்பு என்று அன்றைக்கு ஐரோப்பாவில் அழைத்த அந்தப் பூச்சியை இன்றைய விஞ்ஞானம் கரப்பான் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஆச்சி இருந்திருந்தால் இதை அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, விலைக்கு வருகிறேன். மருந்து அடிக்க ஆள் தேடினோம். உரக்கடை வழியாக உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். தோளில் விசைத் தெளிப்பான், பையில் ஒரு பாட்டில். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முழு வீட்டுக்கும் மூவாயிரத்து ஐநூறு குடுங்க. ரெண்டு வருசத்துக்கு எட்டிப் பாக்காது" என்றார்.

"எத்தன லிட்டர் இறங்கும் அண்ணாச்சி?"

"இந்த டேங்கு ஒண்ணு போதும்லா. நெலமேலயும் செவுருமேலயும் நல்லா நனச்சு விட்டுருவேன்."

ராஜபாளையத்திலிருந்து வந்த இன்னொருவர் சதுர அடிக்கு 6 ரூபாய் சொன்னார். பில் கிடையாது, ஒரு வருடத்துக்கு வாய் உத்தரவாதம். திருநெல்வேலியிலிருந்து வந்த நிறுவனத்தார் டேப் வைத்து அளந்து, சதுர அடிக்கு 9 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஐந்து வருட உத்தரவாதம் என்று கடிதம் கொடுத்தார்கள். எங்கள் வீடு ஆயிரம் சதுர அடி. 10,620 ரூபாய் வந்தது. மூவாயிரத்து ஐநூறிலிருந்து பத்தாயிரத்துச் சொச்சம் வரை ஒரே வீட்டுக்கு ஒரே வேலைக்கு. அம்மா மூவாயிரத்து ஐநூறின் பக்கம். "ஊர்க்காரன், கூப்ட்டா ஓடியாருவான்" என்பது அவள் கட்சி.

தென்காசியில் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னதும், "சதுர அடிய விடுங்க. சதுர அடியில செல்லு வாழல, மண்ணுக்குள்ள வாழுது" என்று சொல்லி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 6313 என்ற ஏட்டை எடுத்துக் காட்டினார். கட்டி முடித்த வீட்டுக்கு அதன் மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் அகலம், கீழே மண் தட்டும்வரை. ஒவ்வொரு துளையிலும் ஒரு லிட்டர்வரை மருந்துக் கரைசல் இறக்கி அடைக்க வேண்டும். மர நிலையில் சின்னத் துளைகளைச் சாய்வாகப் போட்டுத் தனியாக ஊட்ட வேண்டும்.

அன்று ராத்திரி டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தேன். பட்டாசலின் நாலு பக்கச் சுவர் 60 அடி, இரண்டு அறைகளும் சேர்ந்து 92, அடுக்களை 40, அரங்கு 32, தார்சா 52. ஆக 276 அடி. அடிக்கு ஒரு துளை என்றால் 276 துளை, முழு அளவு இறங்கினால் 276 லிட்டர். விசைத் தெளிப்பானின் டேங்கு பிடிப்பது 16 லிட்டர். அந்த மூவாயிரத்து ஐநூறு எதற்கான கூலி என்று அப்போதுதான் விளங்கியது. சுவரைக் குளிப்பாட்டுவதற்கு.

மருந்துக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். 276 லிட்டர் கரைசலுக்குக் கிட்டத்தட்ட 14 லிட்டர் மருந்து வேண்டும். உரக்கடையில் அப்போது லிட்டர் 400-க்குப் பக்கம். மருந்துக்கே ஐயாயிரத்து ஐநூறு ஆகிவிடும்; டிரில் ஓட்டுகிறவருக்கும் கூட வருகிறவருக்கும் கூலி வேறு. இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி என்றால் தண்ணீர் லிட்டருக்கு 2.1 மில்லி போதும். அதே 276 லிட்டருக்கு 580 மில்லிதான். அதனால் இந்தப் புதுமருந்து வந்தபிறகு நேர்மையாக வேலை செய்கிறவரும் விலையைக் குறைக்க முடிகிறது. குறைந்த விலை என்றாலே ஏமாற்று என்று அடித்துச் சொல்ல முடியாது. எத்தனை துளை, எத்தனை லிட்டர், என்ன மருந்து என்ற மூன்றுக்கும் பதில் வாங்காமல் எந்த விலையையும் எடைபோட முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு மருந்துக்கும் குணத்தில் வித்தியாசம் உண்டு. குளோர்பைரிபாஸ் வாடை தலையைப் பிளக்கும். 2025-இல் அதையும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இமிடாகுளோபிரிடில் வாடையே இல்லை. அது இருப்பது கரையானுக்குத் தெரியாது. நடந்துபோய், உடம்பில் ஒட்டிக்கொண்டு, புற்றில் இருப்பவற்றுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஆனால் மறுநாளே எல்லாம் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

திருநெல்வேலி நிறுவனத்துக்கே வேலை என்று முடிவானதும் சித்தப்பா பஞ்சாயத்து ஆரம்பித்தது. பொதுச்சுவர் இருக்கிறதே. இந்தப் பக்கம் மட்டும் மருந்து இறக்கினால் அந்தப் பக்கம் திரும்பிப் போகும், மருந்து தேய்ந்ததும் இந்தப் பக்கம் வரும். சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க வீட்ல செல்லே கெடயாதுய்யா. நான் தெனமும் சாம்பிராணி போடுதேன்" என்றார்.

"அதுக்கில்ல சித்தப்பா, தொழுவத்துல ஒரு தென்னந்தடி கெடக்குல்லா, அத மட்டும் புரட்டிப் பாத்துருவமா?"

மாடு போய் வருடங்கள் ஆன தொழுவம். கம்பியால் நெம்பித் தடியைப் புரட்டியதும் அடிப்பக்கம் பாதியைக் காணோம். மண்ணை வெட்டிப் பார்த்தபோது முழ ஆழத்தில், சாம்பல் நிறத்தில் துளைகள் நிறைந்த கட்டிகள் அடுக்கடுக்காக வந்தன. தின்ற மரத்தைப் பிசைந்து அதில் காளான் வளர்த்துத் தின்கிற ஜாதி இது. மழைக்குப் பின் புற்றோரம் முளைத்து நாம் ஆசையாகப் பறித்துவந்து குழம்பு வைக்கிற காளானின் பிறப்பிடம் இந்தக் கட்டிதான். சித்தப்பா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எம்பங்கு எவ்வளவுய்யா ஆவும்?" என்றார். பொதுச்சுவரின் அவர் பக்கத்துக்கும் தொழுவத்துக்கும் சேர்த்து நாலாயிரம் கேட்டார்கள். பேசி மூவாயிரத்து ஐநூறுக்கு இறக்கினார். பேரம் பேசுவதில் சித்தப்பாவை அடிக்க ஆளில்லை.

மாசியில் வந்து வேலை செய்தார்கள். சிவப்புத் தரை, அம்மா தேங்காய் நாரும் எண்ணெயும் போட்டு வருடக்கணக்காகத் தேய்த்து வளர்த்த தரை. சுவரோரமாக முதல் துளையை டிரில் இட்டபோது அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். வரிசையாக ஒவ்வொரு துளையிலும் குழாய்முனையை வைத்து அழுத்துவார்கள். கரைசல் உள்ளே போகிற சத்தம் சில இடத்தில் கேட்கும். சில துளைகள் அரை லிட்டரிலேயே நிரம்பித் ததும்பின. அரங்கு மூலையில் ஒரு துளை மூன்று லிட்டர் குடித்தும் நிரம்பவில்லை. அடியில் செல்லு குடைந்த பொந்து இருக்கும் என்று சொல்லி, நிரம்பும்வரை விட்டார்கள். மருந்து டப்பாவின் சீல் என் முன்னால்தான் உடைந்தது, அளவுக் குவளையில் ஊற்றிக் கலந்ததும் என் முன்னால்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை அந்தப் பையன்கள் ரசிக்கவில்லை என்பது தெரிந்தது. பரவாயில்லை. உரிமம் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர்கள் முதலாளியும் ரசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பூச்சி மருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்ய, பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். கேட்பது நம் உரிமை.

கிணற்றுப் பக்கம் மட்டும் மருந்து இறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். ஐஎஸ் ஏடும் கிணறு, ஊற்று இவற்றில் மருந்து கலந்துவிடாமல் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்துச் சுவரோரம் கிடந்த விறகை அகற்றி, ஒழுகிய குழாயை மாற்றி, மண் ஈரமில்லாமல் காய விட்டோம். ஈரமும் மரமும் மண்ணும் ஒன்றாக இருக்கும் இடம்தான் செல்லுக்கு வேண்டும். குழாய் மாற்ற ஆன செலவு முந்நூறு ரூபாய்.

பணம் பிடுங்கியது மருந்து இல்லை, மரம். பின்வாசல் நிலைக்கு ஒன்றேமுக்கால் கன அடிக்கு நாட்டுத் தேக்கு, ஒரு சன்னல் சட்டம், ஆசாரி கூலி, பழைய நிலையைப் பெயர்த்துப் புதியதை நிறுத்திப் பூசிய கொத்தனாருக்கும் நிமிந்தாளுக்கும் கூலி, பெயிண்ட். எல்லாம் 23,000-ஐத் தொட்டது. மருந்துக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உத்தரவாதப் பத்திரத்தைப் பொடி எழுத்து உட்படப் படித்துப் பார்த்தேன். மறுபடி செல்லு வந்தால் இலவசமாக மருந்து இறக்குவார்கள். அது தின்ற மரத்துக்குப் பொறுப்பில்லை. அநேகமாக எல்லா நிறுவனங்களின் உத்தரவாதமும் இப்படித்தான். ஐந்து வருடம் என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். எங்களுக்கு முதல் இரண்டு வருடம் வந்தார்கள். அதன்பிறகு நாம்தான் போன் போட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் புளோரிடா, கலிபோர்னியா பக்கம் உலர்மரக் கரையானுக்கு வீடு மொத்தத்தையும் கூடாரத் துணியால் மூடிப் புகைபோடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் வெளியே போய்த் தங்க வேண்டும். அவர்கள் வீடே மரம். நமக்கு நிலை, சன்னல், அலமாரி, அதற்குள் பத்திரமும் கல்யாண ஆல்பமும். அந்த அளவில் நாம் பிழைத்தோம்.

2023-இல் தங்கை வாசுதேவநல்லூர் ரோட்டில் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டினாள். கட்டும்போதே மருந்து இறக்க வேண்டும் என்று அவள் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். காண்டிராக்டர், "அதெல்லாம் அடிச்சுருவோம் மாப்ள, ரேட்லயே சேத்தாச்சு" என்று சொல்லியிருந்தார். என்ன கணக்கு என்று கேட்டால், ஒரு கேன். ஐஎஸ் 6313-இன் இரண்டாம் பகுதி, நிரப்பிய மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் விடச் சொல்கிறது. அஸ்திவாரச் சுவர் ஓரங்களுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். தளத்து மண்ணுக்கு மட்டும் 465 லிட்டர். குளோர்பைரிபாஸ் என்றால் 23 லிட்டர் மருந்து, இமிடாகுளோபிரிட் என்றால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் சதுர அடிக்கு 5 ரூபாய் என்று தனியாக ஆள் வைத்து, ஐயாயிரமும் வரியும் கொடுத்து முடித்தார்கள். டிரில் இல்லை, துளை இல்லை, பெயர்க்கத் தரை இல்லை. திறந்து கிடக்கும் மண்ணில் பூவாளியால் ஊற்றுகிற வேலைதான். அதே வீட்டுக்குப் பத்து வருடம் கழித்து டைல்ஸைத் துளைத்துச் செய்தால் இரண்டு மடங்கு ஆகும், ஒவ்வொரு துளையும் தரையில் தெரியும்.

ஆகவே சிவகிரியிலும் புளியங்குடியிலும் வாசுதேவநல்லூரிலும் இப்போது வாணம் தோண்டிக் கல்கட்டு எழுப்பி, உள்ளே மண் நிரப்பிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தளக் கான்கிரீட் போடக் கொத்தனார் அவசரப்படுத்துவார், மிக்சர் மிஷின் நாளைக்குத்தான் கிடைக்கும் என்பார். ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். மருந்துக்காரரை வரவழைத்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கும் முன் எத்தனை லிட்டர் இறங்கும் என்று கேளுங்கள். டப்பாவின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வெயிலாக இருந்தால் குடை பிடித்துக்கொண்டாவது கடைசி வாளி ஊற்றி முடியும்வரை அங்கேயே நில்லுங்கள்.